இருக்கிற இடம் தெரியாத பிள்ளை

என் மகளுக்கு,

நீ இருக்கும் அறைக்கும் நான் இருந்து எழுதும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். தட்டினால் கேட்கும். ஆனாலும் கடிதம் எழுதுகிறேன். நான் வாய் திறந்தால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். வாழ்நாள் முழுவதும் பஸ் ஓட்டிய தொண்டை இது. "தண்ணி குடிச்சியோ" என்று கேட்டாலும் சண்டைக்குப் போவதுபோலத்தான் இருக்கும். நான் சொல்லவந்த விஷயம் ஒரு பக்கம் கிடக்க, என் சத்தத்தையும் கைவீச்சையும் முகத்தையும் பார்த்து நீ உள்ளுக்குள் ஒடுங்கிப்போவாய். எழுத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. நீ விரும்பிய நேரம் வாசிக்கலாம், பாதியில் வைத்துவிட்டுப் போகலாம், திரும்பவும் வரலாம். இதைக்கூட நான் இப்போதுதான் யோசித்துப் பிடித்தேன். உன் அப்பன் மெதுவாகப் படிக்கிறவன்.

சுற்றிவளைத்துப் பேசினால் உனக்குப் பிடிக்காது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கஜனுக்குத் தெரியாது, மகள். உனக்கு ஓட்டிசம் இருக்கிறது என்பதும், சத்தமும் கூட்டமும் திடீரென்று வரும் மாற்றங்களும் உன்னை என்ன செய்யும் என்பதும், கலியாணத்துக்கு முன்பே மாப்பிள்ளை பகுதிக்குச் சொல்லப்பட்டுவிட்டதாக நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அது அவன் காதுக்குப் போய்ச் சேரவேயில்லை. கலியாணம் முடிந்த இந்த எட்டு மாதமும் புருஷனாக அவன் செய்த எதையும் தெரிந்துகொண்டு செய்யவில்லை. இதை நீ அறியவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு எழுத்தும். மிச்சத்தை ஆறுதலாக வாசி.

உன் பிறந்தநாளில் இருந்து தொடங்குகிறேன். நீ வேலை முடிந்து கந்தோரால் வந்து சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே கால் வைத்தபோது வீடு இருட்டாக இருந்தது. கஜன் கூப்பிட்டிருந்த அவனுடைய அக்கா குடும்பம், கூட வேலைசெய்யும் பெடியன்கள், அவர்களின் மனைவிமார், பிள்ளைகள் எல்லோரும் கதவுக்குப் பின்னாலும் அலுமாரிக்குப் பக்கத்திலும் ஒளிந்து நின்றார்கள். நானும் நின்றேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். லைட்டைப் போட்டு எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள், பட்டாசுபோல ஏதோ ஒன்று வெடித்துக் கடதாசித் துண்டுகள் உன் தலையில் விழுந்தன, பெட்டியில் பாட்டுத் தொடங்கியது. நீ நேரே நடந்துபோய் பாத்ரூமுக்குள் கதவைச் சாத்தினாய். பாட்டு ஓடிக்கொண்டிருக்க ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான்தான் வந்து தட்டினேன். "பிள்ளை, ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்கினம். வெளியில வா. மானம் போகுது" என்றேன்.

நீ வந்தாய். முகம் கழுவியிருந்தாய். கேக் வெட்டினாய், எல்லோருக்கும் தீத்தினாய், "ஆருக்குத் தேத்தண்ணி, ஆருக்குக் கோப்பி" என்று கேட்டுக் கேட்டுக் கொடுத்தாய், யாரோ சொன்ன பகிடிக்குச் சிரிக்கவும் செய்தாய். எல்லோருக்கும் நிம்மதி. "அவ வெக்கத்தில ஓடிட்டா" என்று கஜனுடைய அக்கா சொன்னாள். எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பு யாருடையது என்று தெரிந்தது. அது உன்னுடைய சிரிப்பு அல்ல. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பக்கத்து வளவில் இருந்த நிலா இப்படித்தான் தலையைச் சரித்து, வாயைக் கையால் மூடிச் சிரிப்பாள். நீ அவளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய சிரிப்பு அது. வெளியே வரச்சொல்லி உன்னைக் கூப்பிட்டேன், வந்ததோ நீயல்ல. அன்றிலிருந்து நீ வேலைக்குப் போகிறாய், வருகிறாய், சின்ன அறைக்குள் போய்ப் படுக்கிறாய். எங்களோடு ஒரு சொல் இல்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் கஜன் கிணற்றடியில் மோட்டார்சைக்கிளைக் கழுவிக்கொண்டு நின்றான். கழுவின சில்லையே திரும்பத் திரும்பக் கழுவினான். நான் வாளியை எடுத்துக் கொடுக்கப்போனபோது தலை நிமிராமல் கேட்டான்.

"மாமா, அவவுக்கு என்னைப் பிடிக்கேல்லையோ? வேறை ஆரையும் விரும்பினவவோ? கட்டாயப்படுத்திச் செய்துவைச்சனீங்களோ?"

"சீ, என்ன கதை தம்பி இது! அவளுக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளாது, சொல்லாமல் செய்தால் தாங்கமாட்டாள். உங்களுக்கு முதலே தெரியும்தானே?"

"என்ன தெரியும்?" என்றான்.

நான் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் நடிக்கவில்லை. பஸ்ஸில் ரிக்கெற் எடுக்காமல் ஒளிக்கிறவனின் முகம் எனக்குத் தெரியும், எடுத்த ரிக்கெற்றைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவனின் முகமும் தெரியும். இவன் இரண்டாவது ஆள். நான் "ஒண்டுமில்லை, பிறகு கதைப்பம்" என்று சொல்லி, வாளியையும் கொடுக்காமல் திரும்பி வந்துவிட்டேன். கோழைத்தனம்தான். ஆனால் அந்த நேரத்தில் வேறொன்றும் யோசனை வரவில்லை.

அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் கலியாணத் தரகர் வீட்டுக்குப் போனேன். உனக்கு ஞாபகம் இருக்கும், அவர் கஜனின் சாதகக் குறிப்பைக் கொண்டுவந்தபோது நீ சொன்ன வார்த்தைகள். "அப்பா, அவருக்குத் தெரிஞ்சு ஓம் எண்டால் நானும் ஓம். தெரியாமல் வேண்டாம்." அவ்வளவுதான் நீ கேட்டது. நகை, சீலை, மண்டபம் ஒன்றைப் பற்றியும் நீ வாய் திறக்கவில்லை. நான் அதைத் தரகரிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அது சத்தியம். வைத்தியர் உனக்குச் சொன்ன ஓட்டிசம் என்ற சொல்லையும் சொன்னேன். தரகர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஐயா, நீங்கள் பேசாமல் இருங்கோ. இதை நான் பக்குவமாச் சொல்லுறன்" என்றார். பிறகு வந்து, "சொல்லியாச்சு. அவையளுக்கு முழுச் சம்மதம்" என்றார். நானும் சந்தோசத்தில் துள்ளிக்கொண்டு வந்து, "தெரியுமாம் பிள்ளை, ஓமாம்" என்று உனக்குச் சொன்னேன். எங்கள் ஊரில் பெண்ணும் மாப்பிள்ளையும் இருந்து கதைத்தா கலியாணம் முடிக்கிறார்கள்? சொல்வது ஒரு வாய், கொண்டுபோவது இன்னொரு வாய், கேட்பது மூன்றாவது ஆளின் காது. பக்குவமாக என்றால் என்ன என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். குறிப்பும் பொருந்தி, பெடியனும் நல்லவனாக வந்த மயக்கத்தில் கேட்கவில்லை.

தரகர் முற்றத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். "அவையளுக்கு என்னெண்டு சொன்னனீர்?" என்று கேட்டேன். மனிதர் பேப்பரை மடிக்காமலே சொன்னார்.

"பிள்ளை நல்ல அமைதி. கதை குறைவு. கூட்டம் சந்தை விரும்பாது. ஊர்வம்பு அண்டாது. வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை. இருக்கிற இடம் தெரியாது எண்டு சொன்னனான். இதில எது பொய், நீங்களே சொல்லுங்கோ?"

"ஓட்டிசம் எண்ட சொல்லைச் சொன்னனீரோ?"

"அந்தச் சொல்லைச் சொன்னால் கலியாணம் நடந்திருக்குமே? பெடியன்ரை தாய் கையெடுத்துக் கும்பிட்டவ. 'உப்பிடி ஒரு பிள்ளையைத்தான் ஐயா நாங்கள் தேடிக்கொண்டு திரியிறம்' எண்டவ."

எனக்கு அவருடைய பேப்பரைப் பிடுங்கிக் கிழிக்கவேண்டும்போல் இருந்தது. ஆனால் திரும்பி வரும் வழியில் கோபம் அவரிடமிருந்து நழுவி என்மேலேயே வந்து இருந்துகொண்டது. அவர் புதிதாக என்ன செய்தார்? உன் வேதனை ஒவ்வொன்றையும் எடுத்துக் குணம் என்று பெயர் வைத்தார். நானும் அம்மாவும் உன் பள்ளிக்கூட ரீச்சர்மாரும் அதைத்தானே இருபது வருடமாகச் செய்துகொண்டிருந்தோம். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் இருந்தான், உன் வயதுதான். அவன் பஸ்ஸில் ஏறினால் காதைப் பொத்திக்கொண்டு கத்திக் குழறுவான், நிலத்தில் விழுந்து உருளுவான். ஐந்து வயதிலேயே தாய் தகப்பன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். உனக்கும் அதே சத்தம் அதே காதுக்குள்தான் போனது. நீ குழறவில்லை. என் சீற்றுக்குப் பின்னால் இருந்து பாவாடைக் கரையைச் சுருட்டிச் சுருட்டி விரலில் சுற்றிக்கொண்டு வந்தாய். கொண்டக்ரர் என்னிடம், "அண்ணை, உங்கடை பிள்ளை தங்கம், இருக்கிற இடம் தெரியாது" என்பான். நான் மீசையை முறுக்கிக்கொண்டு இன்னொரு முறை ஹோர்ன் அடிப்பேன்.

கீரிமலைக் கேணியில் நீ தண்ணீருக்குள் அமிழ்ந்தால் வெளியே வரமாட்டாய். மூக்கைப் பிடித்துக்கொண்டு அடியிலேயே இருப்பாய். அம்மா கரையில் நின்று பதறுவாள். ஒருநாள் அவள் உன் தலைமயிரைப் பிடித்து மேலே இழுத்து இரண்டு அடி போட்டாள். "ஏனடி உப்பிடிச் செய்யிறாய்?" என்று கேட்டதற்கு, "உள்ளுக்கை ஒருத்தரும் கதைக்கிறேல்லை அம்மா" என்றாய். நாங்கள் வீட்டுக்கு வந்து அதை ஒரு பகிடியாக எல்லோருக்கும் சொன்னோம். ஒரு பிள்ளை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லும்? ஒருவருக்கும் விளங்கவில்லை.

விளங்கவைக்க ஒரு பெண் வைத்தியர் வரவேண்டியிருந்தது. கலியாணப் பேச்சு வருவதற்கு முன்பு, கந்தோரில் உன்னைக் கணக்குப் பகுதியில் இருந்து சனம் வந்து நிற்கும் முன்மேசைக்கு மாற்றினார்கள். சில மாதத்தில் நீ எழும்ப முடியாமல் படுத்தாய். சாப்பாடு இல்லை, கதை இல்லை. அம்மா நூல் கட்டுவித்தாள், நான் இரத்தம் சோதிப்பித்தேன். கடைசியில் யாழ்ப்பாணத்தில் அந்த வைத்தியரிடம் போனோம். அவர் உன்னோடு தனியாக, பல நாள் கதைத்தார். பிறகு, உன்னிடம் கேட்டுக்கொண்டு, உன்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே எங்களுக்குச் சொன்னார். "ஐயா, பொம்பிளைப் பிள்ளையளை நாங்கள் கனக்கப் பேரைத் தவறவிட்டிடுறம். மற்றவையைப் பாத்து, எப்ப சிரிக்கிறது, எப்பிடிக் கண்ணைப் பாக்கிறது எண்டு பழகி மறைச்சுப்போடுவினம். நாங்களும் நல்ல பழக்கம் எண்டு மெச்சிப்போட்டு விட்டிடுவம். பகல் முழுக்க வேஷம் போட்டால் களைக்காதே? இவ களைச்சுப்போனா, அவ்வளவுதான்." நான் வழக்கம்போல, "மாறுமோ டொக்டர்?" என்று கேட்டேன். "என்னத்தை மாத்தப் பாக்கிறியள்? வீட்டில வேஷம் போடாமல் இருக்க விடுங்கோ, அது காணும்" என்றார். அன்றைக்கு வரும் வழியெல்லாம் நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அழுதாய். பயந்துபோய்க் கேட்டேன். "இல்லையப்பா, நான் கெட்ட பிள்ளை இல்லையெண்டு தெரிஞ்சிட்டுது" என்றாய். அந்த ஒரு பேச்சுக்காகவே நான் உன் நிபந்தனையை உயிர்போலக் காப்பாற்றியிருக்க வேண்டும்.

உன் அம்மா நேற்று ஒன்று சொன்னாள். கலியாணம் முடிந்த மூன்றாம் மாதம், கஜனின் சிநேகிதர்கள் சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டுக்கு வந்து போன பிறகு, நீ குசினி அடுப்படியில் நின்று, "அவருக்கு எல்லாம் தெரியும்தானே அம்மா. தெரிஞ்சுகொண்டும் ஏன் செய்யிறார்?" என்று கேட்டாயாம். அம்மா, "ஆம்பிளையள் அப்பிடித்தான் பிள்ளை" என்று ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டாள். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு முழுதும் விளங்கியது. எட்டு மாதமாக நீ, உன் நோவு தெரிந்தே குத்துகிற ஒருவனோடு வாழ்வதாக நினைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறாய். அவனோ, ஆசையாக எதைச் செய்தாலும் முகம் கொடுக்காத ஒருத்தியோடு வாழ்வதாக நினைத்துக்கொண்டு இன்னும் கூடுதலாகச் செய்திருக்கிறான். பலூன் கட்டியது, ஆட்களைக் கூப்பிட்டது எல்லாம் உன்னைச் சிரிக்கவைக்கத்தான். இரண்டு நல்ல பிள்ளைகளைக் கண்ணைக் கட்டி ஒரு அறைக்குள் விட்டுக் கதவைப் பூட்டியிருக்கிறோம்.

"நான் எங்கையம்மா போறது?" என்று பிறந்தநாளுக்கு முன்பு, போன கிழமை நீ கேட்டதையும் அம்மா சொன்னாள். வேறு ஊர்களில் பெண்பிள்ளைக்குப் புகுந்த வீட்டில் கஷ்டம் என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்கு வருவாள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை அல்லவா பெட்டியோடு வருகிறார். இந்த வீட்டை உனக்குச் சீதனமாக எழுதும்போது நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். என் பிள்ளை ஒருவன் வாசலிலும் போய் நிற்கத் தேவையில்லை என்று நினைத்தேன். ஓடிவர உனக்கு ஒரு தாய்வீடு மிஞ்சாது என்று யோசிக்கவில்லை. உன் சொந்த வீட்டில், நீ பிறந்து வளர்ந்த வீட்டில், உனக்கு மூச்சுவிட இடமில்லாமல் போய்விட்டது. வீட்டு உறுதிப் பத்திரத்தில் உன் பெயர். கதவைத் திறக்கிறவர்கள் மற்றவர்கள் எல்லோரும். இன்னும் இதே வீட்டில் இருக்கும் நானும் அதில் ஒருவன். தட்டாமல் வருவேன், வந்தால் ரீவியைப் போடுவேன், உன் சட்டியில் கைவைப்பேன், "ஏன் மூஞ்சையை நீட்டிக்கொண்டிருக்கிறாய்" என்பேன்.

இதையெல்லாம் தெரிந்த பிறகு கஜனிடம் நானே போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை எழும்பினேன், இரண்டு முறையும் போகாமல் இருந்துவிட்டேன். முதற்காரணம் பயம். ஒளித்துக் கட்டிவைத்தார்கள் என்று அவன் சொன்னால் நான் என்ன பதில் சொல்வேன்? அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் ஊர் உன்னைத்தான் சொல்லும், தரகரைச் சொல்லாது. சொல்லாமல் விட்டால் நீ இப்படியே சின்ன அறைக்குள் கரைந்துபோவாய். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது. இரண்டாவது காரணம் பிறகுதான் விளங்கியது. அது உன்னுடைய விஷயம். ஒருமுறை உன் பேச்சை நான் எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்தேன், அது என்னவாகப் போய்ச் சேர்ந்தது என்று பார்த்துவிட்டோம். திரும்பவும் நான் தூக்கிக்கொண்டு போனால், நானும் என் பங்குக்கு ஏதாவது பக்குவம் செய்வேன். எனக்கு என்னைத் தெரியும். "பெரிய விஷயமில்லை தம்பி, கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்று வாய் தன்பாட்டில் வழுக்கும்.

ஒரு விஷயம் மட்டும் செய்தேன், உன்னைக் கேட்காமல். அதற்குக் கோபித்துக்கொள். வருகிற கிழமை கஜனின் சித்தி குடும்பம் லண்டனால் வந்து ஒரு மாதம் இங்கே தங்குவதாக இருந்தது. நான்தான் பெரிய மனிதன்போல, "இது உங்கடை வீடு, வாங்கோ" என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இன்றைக்குக் காலை சம்பந்தியம்மாவுக்குப் போன் எடுத்து, வசதிப்படாது என்று சொல்லிவிட்டேன். "ஏன் அண்ணை, என்ன நடந்தது?" என்று கேட்டார். "என்ரை பிள்ளைக்கு ஏலாது" என்றேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் போனை வைத்த விதத்தில் இருந்து எங்கள் இரண்டு வீட்டுக்கும் இனி நல்ல முகம் இருக்காது என்று விளங்கியது. இருக்காவிட்டால் போகட்டும்.

சண்டிலிப்பாயில் என் கூட்டாளி ஒருவனின் வீட்டுக்கு நேற்றுப் போனேன். அவனுடைய பேத்தி, ஆறு வயதிருக்கும், கதிரைக்குப் பின்னால் இருந்து தீப்பெட்டிகளை ஒரே வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தாய் பெருமையாக, "மாமா, இவள் இருக்கிற இடமே தெரியாது" என்றாள். முன்பென்றால் நானும் மெச்சியிருப்பேன். இப்போது முடியவில்லை. "பிள்ளைக்கு எந்தச் சத்தம் பிடிக்காது எண்டு கேட்டுப் பாத்தனியே?" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். உனக்கு நாளைக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தால், அவள் சத்தமில்லாமல் இருந்தால், யாரும் அவளை மெச்ச விடாதே. கிட்டப் போய் இருந்து கேள். கதைக்காவிட்டால் காத்திரு. நாங்கள் செய்யாததைச் செய்.

கஜன் சற்று முன் மேசையடிக்கு வந்தான். "மாமா, அண்டைக்கு என்னவோ சொல்ல வந்தனீங்கள்" என்றான். "அது அவவின்ரை கதை தம்பி. அவதான் சொல்லவேணும். வாயாலை சொல்லமாட்டா, எழுதித் தந்தால் வாசிப்பியளோ?" என்று கேட்டேன். "வாசிப்பன்" என்றான். "வாசிச்சு முடிய உங்களுக்குக் கோவம் வரலாம். எங்களிலை கோவிக்க உங்களுக்கு நியாயம் இருக்கு. அவவிலை இல்லை" என்றேன். அவன் வெளி விறாந்தையில் போய் இருக்கிறான்.

நீ எழுதவேண்டும் என்று நான் சொல்லவில்லை. எழுதாமலும் விடலாம், அவனைப் போகச் சொல்லலாம், எங்களைப் போகச் சொல்லலாம். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்காமல் செய்வேன். தெரியாமல் வேண்டாம் என்று நீ சொன்னாய், தெரியாமல்தான் எல்லாம் நடந்திருக்கிறது. அதனால் நீ சொன்ன ஓம் இன்றுவரை செல்லாது, அவன் சொன்ன ஓமும் செல்லாது. தெரிந்தபிறகு அவன் உன்னோடு இருப்பானா என்று எனக்குத் தெரியாது, மகள். இருப்பான் என்று பொய் சொல்லி இந்தக் கடிதத்தை முடிக்க மாட்டேன். உன்னை உள்ளபடி அறிந்து அவன் சொல்லப்போகும் பதிலை, அது எதுவானாலும், இந்த முறை நீயே நேரில் கேள்.

அப்பா